கட்டிலருகே உள்ள கருவி பேசுகிறதா?

பேஸ்மேக்கர் எனப்படும் இதயமுடுக்கி பொருத்தப்பெற்றவர்களுள் சிலரது வீட்டில், கட்டிலருகே ஒரு சிறு கருவி இருக்கும். அவர்கள் உறங்கும் வேளையில், இதயமுடுக்கியில் பதிவான தகவல்களை அது மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும். மின்கலம் குறைவதையும் துடிப்பு தடுமாறுவதையும் அடுத்த பரிசோதனை நாளுக்கு முன்னரே நாங்கள் அறிய இது துணைபுரிகிறது. இக்கருவிகள் பலவற்றினுள்ளே இருப்பது ஓர் அலைபேசி இணைப்பே. ஆதலால், அலைபேசி வலையமைப்பில் நேரும் மாற்றம் நோயாளிகளின் நலத்தையும் தொடுகிறது.

2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி ஆகிய ஒவ்வொரு தலைமுறையும் வானலையைப் பயன்படுத்தும் முறை வேறு. பழைய முறைகளுக்கான அமைப்பையும் புதிய கைப்பேசியில் சேர்த்தே வைப்பதால், அது பழைய கோபுரத்தோடும் இணையும். பழைய கருவிக்கோ புதிய முறை தெரியாது. எனவே பழைய சேவை நிறுத்தப்படும் நாளில், பழுதில்லாத கருவியும் ஊமையாகிவிடும்.

4ஜி கைப்பேசி வைத்திருப்போரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 4ஜியில் குரல் அழைப்புக்கு விஓஎல்டிஇ என்னும் வசதி தேவை. அஃது இல்லாத கைப்பேசி, அழைப்பின்போது 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும்; அவை இல்லாத இடத்தில் அழைப்பு செல்லாது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் நிறுவனங்கள் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை நிறுத்தின. அங்கே சில கைப்பேசிகள் சாதாரண அழைப்புகளை 4ஜியிலும், 000 என்னும் அவசர அழைப்பை மட்டும் 3ஜியிலும் அனுப்புவனவாக இருந்தன. அவற்றை வலையமைப்பிலிருந்து விலக்க நேர்ந்தது.

நம் நாட்டில் ஏர்டெல் நிறுவனம் 2019-இல் கொல்கத்தாவில் தொடங்கி 3ஜியைக் கைவிட்டது. 2016-இல் வந்த ஜியோவில் தொடக்கம் முதலே 2ஜியும் 3ஜியும் இல்லை. ஆகவே, சிம் அட்டையை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதாலும் பழைய கருவி இணைப்பை இழக்கக்கூடும்.

இதனால் அஞ்ச வேண்டியதில்லை. அலைபேசி இணைப்பு அற்றுப்போனாலும் இதயமுடுக்கி தன் பணியைத் தொடரும். நின்றுபோவது எங்களுக்கு வரும் செய்தி மட்டுமே. ஆயினும், மருத்துவமனையிலிருந்து அழைப்பு வராததை நலத்தின் அறிகுறி எனக் குடும்பத்தினர் கொண்டுவிடலாகாது. கீழ்க்கண்டவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்:

• கருவியிலுள்ள இணைப்பு விளக்கு, அதன் கையேட்டில் கூறியவாறு எரிகிறதா என்று பாருங்கள்.

• அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, கடைசியாகத் தகவல் வந்த நாளை எங்களிடம் கேளுங்கள்.

• கருவியையோ சிம் அட்டையையோ மாற்றுமுன் எங்களைக் கலந்துகொள்ளுங்கள்.

• தனியே வாழும் முதியவரின் கைப்பேசியில் விஓஎல்டிஇ வசதி உண்டா என்பதை அறிந்து, அதனை இயக்கி வையுங்கள். அவர் வீட்டினுள்ளிருந்தே ஓர் அழைப்புச் செய்து பாருங்கள்.

மயக்கமோ, தலைசுற்றலோ, நெஞ்சுவலியோ தோன்றினால், கருவி செய்தி அனுப்பட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.