ஔவையான சுந்தராம்பாள்

ஔவையாரைப் பற்றிக் கட்டுரை எழுதுக என்றால், எங்கள் மாணாக்கருட் பலர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரையே எழுதிவிடுகின்றனர். நெற்றி நிறைந்த நீறு, வெண்ணிறப் புடைவை, கையிற் கோல், கணீரென்ற குரல். 1953 இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ படம் இவர்கள் பிறப்பதற்கு நெடுங்காலம் முற்பட்டது. ஆயினும் என்? தொலைக்காட்சிப் பெட்டி அதனை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து விடுகின்றது.

பண்டிதர்களாகிய எமக்கு இதிலே ஒரு மனக்குறை உண்டு. அதியமானோடு கள்ளுண்டு களித்தவரும், அவன் தூதாகத் தொண்டைமானிடஞ் சென்றவருமாகிய சங்கத்து ஔவை வேறு. ஆத்திசூடி பாடிய பிற்காலத்து ஔவை வேறு. படமோ எல்லோரையும் ஒரு மூதாட்டியாக்கிவிட்டது. சங்கத்து ஔவை நரை திரை கண்டவரென்பதற்குப் புறநானூற்றிலே சான்று தேடுவார் ஏமாறுவர். குற்றஞ் சொல்வது எளிது. அக்குற்றத்தை நாடே விரும்பி ஏற்றுக்கொண்டதேன் என்பதே ஆராயத்தக்கது. அதற்கு விடை படத்தில் இல்லை. அம்மையாரின் வாழ்க்கையில் இருக்கின்றது.

அவர் 1908 இல் கொங்கு நாட்டுக் கொடுமுடியிற் பிறந்தவர். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிய காவிரிக்கரைத் தலம் அது. பெயரின் முன்னே நிற்கும் இரண்டெழுத்துக்களுள் ஒன்று ஊரைக் குறிப்பது. மற்றது தந்தை பெயரன்று, பாலாம்பாள் என்னுந் தாயின் பெயர். வறுமை மிக்க குடும்பம். புகைவண்டியிற் பாடிக் காசு பெற்ற சிறுமியின் குரலைக் கேட்டவர் ஒருவரே அவரை நாடகத்துக்கு வழிப்படுத்தினார் என்பர். வேலு நாயர் குழுவில் அவருக்குக் கிடைத்த முதல் வேடம் நல்லதங்காளின் மூத்த பிள்ளை. பசியாற் கதறும் பிள்ளை அது. அந்தச் சிறுமிக்குப் பசியை எவரும் நடித்துக்காட்ட வேண்டியிருந்திராது.

அக்காலத்துத் தமிழகத்து நாடகக் குழுக்களுக்கு இலங்கை இரண்டாந் தாயகம் போன்றது. 1926 இல் அம்மையார் கொழும்பில் நடித்துக்கொண்டிருந்தபோது, இசையால் உலகை மயக்கிய எஸ். ஜி. கிட்டப்பாவும் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே மேடையில் இணைந்தது நமது மண்ணிலேதான். மேடையிலே பிறந்த நட்பு மணமாயிற்று. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவியொருத்தி இருந்தாள். பிணக்கும் பிரிவுமாகவே அவ்வாழ்க்கை கழிந்தது. 1933 இற் கிட்டப்பா இறந்தபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து.

அன்று வெள்ளை உடுத்தார். எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லையென்று உறுதி பூண்டார். இளம் நடிகை ஒருத்திக்கு அத்துடன் தொழில் முடிந்ததென்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. 1935 இல் ‘நந்தனார்’ படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா. அக்காலத்து இலட்சம்! அதிலே அவர் ஏற்றது ஆண்வேடம், நந்தனார் வேடமே. அதன்பின் ‘மணிமேகலை’, ‘ஔவையார்’, 1964 இல் ‘பூம்புகார்’ படத்திற் கவுந்தியடிகள், பின்னர் காரைக்காலம்மையார். இந்த வரிசையை எழுதிப் பார்த்தபோது எனக்கு வியப்புண்டாயிற்று. எல்லோரும் இல்லறத்துக்குப் புறத்தே நின்றவர்கள். அவர் பூண்ட உறுதி கதவுகளை அடைத்தது. திறந்திருந்த ஒற்றைக் கதவு பக்தியிலக்கியத்துக்கும் காப்பியத்துக்கும் செல்வது.

காரைக்காலம்மையார் தசையை உதறிப் பேயுரு வேண்டினார். ஔவை விநாயகரிடம் முதுமையை வேண்டிப் பெற்றாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. அழகையும் இளமையையும் களைந்த பின்னரே பெண்ணொருத்தி ஊர் ஊராய்த் திரியவும், அரசனை இடித்துரைக்கவும் நம்மவர் இசைந்தனர் போலும். சுந்தராம்பாளும் அந்த விலையையே கொடுத்தார். காங்கிரஸ் மேடைகளிலே பாடினார். 1951 இல் சென்னை மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரையுலகினின்று சட்டமன்றம் புகுந்தவர்களில் அவரே முதல்வர். ஔவையாக நடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்துகூட நிறையவில்லை. கூனும் கோலும் ஒப்பனையாளர் தந்தவை. குரலிலிருந்த தனிமை அவர் தந்தது.

‘திருவிளையாடல்’, ‘கந்தன் கருணை’ ஆகிய படங்களிலும் அவரே ஔவை. 1969 இல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காக இந்திய அரசின் சிறந்த பின்னணிப் பாடகி விருதும் பெற்றார். 1980 இல் மறைந்தார்.

மாணாக்கரின் கட்டுரையிற் கோலையும் நீற்றையும் நான் இன்னுஞ் சிவப்பு மையால் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது ஆசிரியன் கடன். ஆனால் அடித்த இடத்தின் ஓரத்திலே இப்போதெல்லாம், “இவர் ஔவையார் அல்லர், சுந்தராம்பாள், இவரைப் பற்றியும் தனியே எழுதுக” என்று குறிப்பெழுதி விடுகிறேன்.