பெஞ்சில் ஒருவன், எக்ஸ்ரே அறையில் இன்னொருவன்

பேரக்குழந்தைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் தாத்தா பாட்டிகள் சொல்லும் கதைகளில் இப்போதெல்லாம் ஒரு மைதானமும் வந்துவிடுகிறது. சனிக்கிழமை காலை, மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பேஸ்பால் யூனிஃபார்மில் பேரன். டெக்சாஸில் மகள் வீட்டில் கோடையைக் கழித்துவிட்டுக் கோவை திரும்பிய ஒரு பாட்டி சொன்னார்: “பத்து வயசுப் பையன். பாதி மேட்சுக்கு மேல பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தான். ‘ஏன் கண்ணு, உன்னை இறக்க மாட்டேங்கிறாங்க?’ன்னு கேட்டேன். ‘எனக்கு ரெண்டு இன்னிங்ஸ்தான் பாட்டி, முடிஞ்சிருச்சு’ன்னான். அழுதிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.”

அந்த ‘ரெண்டு இன்னிங்ஸ்’ கோச்சின் மனம்போன போக்கில் வந்ததல்ல; விதிப் புத்தகத்தில் இருப்பது. 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டோட்ஸ் என்பவர் மூன்று அணிகளோடு தொடங்கிய லிட்டில் லீக்தான் இன்று உலகின் பல நாடுகளிலும் நடக்கிறது. வழக்கமான சீசன் ஆட்டங்களில் அணியில் உள்ள ஒவ்வொரு குழந்தையும் எதிரணியின் ஆறு அவுட்கள் விழும்வரையாவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் பிடிக்க வேண்டும் என்கிறது அதன் விதி. ஆறு அவுட் என்றால் இரண்டு இன்னிங்ஸ். முழு ஆட்டம் ஆறு இன்னிங்ஸ்.

எந்தக் குழந்தையும் ஒதுக்கப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதிய விதி இது. ஆனால் ‘குறைந்தது இவ்வளவு’ என்று எழுதியதை ‘இவ்வளவு போதும்’ என்று படிக்கும் கோச்சுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் அந்தப் பையனை ரைட் ஃபீல்டுக்கு அனுப்புவார்கள். இந்த வயதில் பந்து அதிகம் வராத மூலை அது. கையுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஷூ நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டு நிற்பான். ஒரு முறை பேட் பிடிப்பான். ஸ்கோர் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே டிக் விழுந்ததும் திரும்ப பெஞ்சுக்கு வந்து சூரியகாந்தி விதையைக் கொறிக்க வேண்டியதுதான். நம் தெருவில் ஒப்புக்குச் சப்பாணியாக நின்ற பொடியனுக்குக்கூட ஆட்டம் முழுவதும் ஓடித்திரியும் சந்தோஷம் இருந்தது.

இப்படி உட்கார வைக்கப்படும் குழந்தை அடுத்த வருடம் வருமா? கோச் நடந்துகொள்ளும் விதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி தந்தார்கள். முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்த பிள்ளையை ஊக்கப்படுத்துவது, தண்டிக்கும் தொனியை விடுவது, அவ்வளவுதான். 1992-ல் முடிவு வெளியானது. பயிற்சி பெறாத கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் மறு வருடம் வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் நின்றுபோனவர்கள் 5 சதவீதம் மட்டுமே.

பெஞ்சில் இருப்பவனுக்காகப் பரிந்து பேச யாராவது கிடைத்துவிடுவார்கள். பெஞ்சுக்கே வராதவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒருவன் இரண்டு இன்னிங்ஸோடு நிறுத்தப்படும்போது, மிச்ச நேரத்தை யாரோ ஒருவன் சுமக்கிறான். அவன்தான் அணியின் ஸ்டார். ஜெயித்தாக வேண்டிய ஆட்டமென்றால் பிட்சர் அவன். பந்து வீசி முடித்ததும், பந்து அதிகம் வரும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிற்பவனும் அவனே. வார நாளில் லீக், வாரக் கடைசியில் ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம், நடுவில் தனிப்பயிற்சி. பாராட்டு மழையில் நனைகிற அவனுடைய முழங்கையை யாரும் விசாரிப்பதில்லை.

பத்து, பன்னிரண்டு வயதில் முழங்கையின் உட்பக்க எலும்பு நுனி இன்னும் குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வீச்சும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. ஓய்வில்லாமல் இழுபட்டால் வீங்கும், சில சமயம் பிய்ந்தும் வரும். 1960-லேயே மருத்துவர்கள் இதற்கு ‘லிட்டில் லீகர் எல்போ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1974-ல் டாமி ஜான் என்ற தொழில்முறை பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப், முழங்கையில் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்திலிருந்து நாண் எடுத்து வைத்துக் கட்டினார். முப்பது வயதைத் தாண்டிய ஓர் ஆட்டக்காரரின் வாழ்வைக் காப்பாற்றச் செய்த அறுவை சிகிச்சை அது. பின்னாளில் அது யாருக்கு நடந்தது? 2007 முதல் 2011 வரையிலான அமெரிக்கக் காப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது, இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் சுமார் 57 சதவீதம் பேர் 15 முதல் 19 வயதுக்குள் இருந்தார்கள். கல்லூரிக்குள் நுழையும் வயதிலேயே கையைக் கிழித்துத் தைத்துக்கொண்ட பிள்ளைகள்!

அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் 9 முதல் 14 வயது வரையிலான 481 பிட்சர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் பந்து வீசியவர்களுக்குப் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று 2011-ல் எழுதினார்கள். லிட்டில் லீக் 2007-லேயே பந்துகளை எண்ணத் தொடங்கியிருந்தது. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்து, 9, 10 வயதுக்கு 75. 66 பந்துகளைத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. நல்ல விதிதான். ஆனால் லீக் ஆட்டத்தில் 80 பந்து வீசிய பையன் மறுநாளே டிராவல் டீமுக்காக வேறு மைதானத்தில் நின்றால், அங்கே எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டையும் கூட்டிப்பார்க்க அவனுடைய அப்பா அம்மாவைத் தவிர ஆளில்லை. ‘நல்லாப் போடுறான், போடட்டும்’ என்று அவர்களே சொல்லிவிட்டால் அவனுக்கு வேறு கதி ஏது?

இதில் நம் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரில் பலர் டியூஷனும் நுழைவுத் தேர்வும் தந்த பழக்கத்தோடு போனவர்கள். அதிக நேரம் உழைத்தால் அதிக மதிப்பெண் என்பது அவர்கள் கண்ட உண்மை. அதே கணக்கைப் பிள்ளையின் கைக்கும் போட்டுவிடுகிறார்கள். கணக்குப் பாடத்தை இரண்டு முறை போட்டுப்பார்த்தால் மூளை தேறும். ஓய்வில்லாமல் வீசினால் முழங்கை தேறாது.

இத்தனைக்கும் அந்த ஸ்டார் உண்மையிலேயே அவ்வளவு உசத்தியா? அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் நெடுங்காலம் ஜூலை 31-தான் வயதுக் கணக்கின் எல்லைக்கோடு. ஆகஸ்டில் பிறந்தவன் தன் பிரிவிலேயே மூத்தவன், ஜூலையில் பிறந்தவன் கடைக்குட்டி. தொழில்முறை ஆட்டமான மேஜர் லீக் வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப்பார்த்தபோது, அமெரிக்காவில் பிறந்தவர்களில் ஆகஸ்ட்காரர்கள் ஜூலைக்காரர்களைவிட மிக அதிகமாக இருந்தார்கள். பத்து வயதில் பதினோரு மாத வளர்ச்சியைத் திறமை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சின்னவனுக்கு ஆட வாய்ப்பு போகிறது, பெரியவனுக்குக் கை போகிறது.

போட்டி இல்லாமல் விளையாட்டு ஏது, உழைப்பவனுக்கு அதிக வாய்ப்பு தருவதுதானே நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வியாக இருந்தால் நானும் தலையாட்டுவேன்; பத்து வயதில் மாட்டேன். சமமாக ஆடவிட்டால் தரம் தாழ்ந்துவிடும் என்பவர்கள் நார்வேயைப் பார்க்கட்டும். அங்கே 11 வயது ஆகும்வரை சிறுவர் போட்டிகளில் தரவரிசைப் பட்டியலே கிடையாது. அந்தச் சின்ன நாடுதான் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடத்தில் நின்றது.

12 வயது வரையாவது ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் பாதி ஆட்டமாவது களத்தில் நிற்கட்டும். ரைட் ஃபீல்டில் நிற்பவன் அடுத்த வாரம் இன்ஃபீல்டுக்கு வரட்டும். ஒரே பையனை நம்பாமல், அணிக்கு ஐந்தாறு பேராவது பந்து வீசக் கற்கட்டும். மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல், வருடத்தில் நான்கு மாதமாவது கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. ஒரே நேரத்தில் பல அணிகளுக்கு ஆட வேண்டாம் என்றும் சொல்கிறது. கோச்சின் கையில் அந்த வழிகாட்டுதல் இல்லாவிட்டாலும் பெற்றோர் கையில் இருக்கலாம்.

சீசன் தொடங்கும் முன் கோச்சிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என் பிள்ளை எத்தனை இன்னிங்ஸ் ஆடுவான்? எத்தனை பந்துக்கு மேல் அவனை வீசவிட மாட்டீர்கள்? பிள்ளை சுமாராக ஆடுபவன் என்றால் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம்; கெட்டிக்காரன் என்றால் இரண்டாவதைக் கேட்காமலே திரும்பிவிடுகிறோம். இரண்டையும் எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கேட்டால் எந்த கோச்சாலும் தட்டிக்கழிக்க முடியாது. பெஞ்சில் இருப்பவனைக் களத்தில் இறக்கினால்தான் களத்தில் இருப்பவனின் கைக்கு ஓய்வு கிடைக்கும்.