மாலத்தீவு போகிறீர்களா? மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று முதலில் கேளுங்கள்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலேயில் இறங்கிவிடலாம். இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற இணையப் படிவத்தை நிரப்பினால் போதும். இத்தனை சுலபம் என்பதாலேயே பலர் இந்தப் பயணத்தை ஊட்டி, கொடைக்கானல் போய்வருவதுபோல் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தத் தீவு, எந்த அறை, என்ன சாப்பாடு என்று மாதக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, அங்கே நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்று யோசிப்பதில்லை. யோசித்தே ஆக வேண்டிய கேள்வி அதுதான்.

கடல்தான் சாலை

மாலத்தீவு என்பது ஒரு தீவு அல்ல. வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடற்பரப்பில் சிதறிக் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பவளத் தீவுகள். பெரும்பாலானவற்றின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இருக்காது. பெரிய மருத்துவமனைகள் தலைநகர் மாலேயிலும் அதை ஒட்டிய ஹுல்ஹுமாலேயிலும்தான் குவிந்திருக்கின்றன. இந்தியாவின் உதவியோடு கட்டப்பட்டு 1995இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை அவற்றில் முக்கியமானது. வெளித்தீவுகளில் சுகாதார நிலையங்களும், தீவுக்கூட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் சிறு மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், பெரிய அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் மாலேக்குத்தான் போக வேண்டும்.

எப்படிப் போவது? கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் படகுதான் வழி. மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அந்தப் படகும் தாமதமாகும்.

அதனால் முன்பதிவு செய்யும்போதே விடுதிக்கு எழுதிக் கேளுங்கள். தீவில் மருத்துவர் தங்கியிருக்கிறாரா? ஆக்சிஜன் சிலிண்டர், நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி உண்டா? இரவில் மருத்துவமனைக்குப் போக எத்தனை மணி நேரம்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஆடம்பர விடுதிதான் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். மக்கள் வாழும் தீவுகளில் உள்ள எளிய விருந்தினர் இல்லங்களிலிருந்து சுகாதார நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கும். தனித்தீவு விடுதியில் அந்த வசதி இருக்காமல் போகலாம்.

இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், வயதான பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்கள் மாலேயிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் சேரக்கூடிய தீவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. தூரத்துத் தீவு இன்னும் அழகாக இருக்கலாம். அந்த அழகுக்காக இவர்களை இடருக்குள்ளாக்கக் கூடாது. விரைவுப் படகு அலைமீது மோதி மோதி எழும்போது முதுகெலும்பில் விழும் அடி லேசானதல்ல. முதுகுவலி உள்ளவர்களும் எலும்பு தேய்ந்தவர்களும் படகின் பின்பகுதியில் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் அந்தப் படகையே தவிர்ப்பது மேல்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: நோயாளியைப் படகிலோ விமானத்திலோ அப்புறப்படுத்தும் செலவு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நோய்கள், கடல் விளையாட்டுகள். மூன்றும் அதில் அடங்க வேண்டும். மலிவான காப்பீடுகள் பலவற்றில் கடைசி இரண்டும் விடுபட்டிருக்கும்.

இடுப்பளவுத் தண்ணீரும் கடல்தான்

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தவர்களும் கிணற்றிலோ குளத்திலோ கற்றவர்கள். பவளப்பாறை சூழ்ந்த காயல் கண்ணாடிபோல் அசையாமல் தெரியும். ஆனால் பாறைகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால்கள் வழியாக நீர் வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. களைப்புதான் ஆளை மூழ்கடிக்கும். மிதந்தபடி பக்கவாட்டில் நகருங்கள். முடியாவிட்டால் மிதந்துகொண்டே ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

குழாயைக் கடித்துக்கொண்டு முகம் குப்புற மிதந்து மீன் பார்க்கும் ஸ்நார்க்கலிங்கை எல்லோரும் குழந்தை விளையாட்டாகவே நினைக்கிறார்கள். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். உடல் நீரில் அமிழும்போது கை கால்களின் இரத்தம் நெஞ்சை நோக்கித் தள்ளப்படுகிறது. இதயத்துக்குச் சுமை கூடுகிறது. குறுகிய குழாய் வழியே மூச்சை இழுக்க நுரையீரல் கூடுதலாகப் பாடுபடுகிறது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு, ஒரு வாய்த் தண்ணீர்கூட விழுங்காமலேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். குப்புறக் கிடப்பவர் மீன் பார்க்கிறாரா, மயங்கிவிட்டாரா என்பது கரையிலிருப்பவருக்குத் தெரியாது. ஓசையின்றி உயிர் போய்விடும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் கிளம்புமுன் இரத்த அழுத்தமும் இதயமும் சரியாக இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். முகமூடியையும் குழாயையும் முதலில் நீச்சல் குளத்தில் பழகுங்கள். மூச்சு முட்டுவதுபோல் தோன்றிய அந்தக் கணமே மல்லாந்து மிதந்து, குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கரையேறுங்கள். மிதவைச் சட்டை போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடித்துவிட்டு இறங்காதீர்கள். கணவன் மனைவி இருவரும் இறங்கினால் ஒருவர்மீது ஒருவர் கண் இருக்கட்டும், படமெடுப்பது அப்புறம்.

சிலிண்டர் கட்டி ஆழ்கடலில் முக்குளிப்பவர்களுக்கு மாலத்தீவுச் சட்டம் 30 மீட்டரை எல்லையாக வைத்திருக்கிறது. பல முறை முக்குளித்தவர்கள் அதன்பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். கடல் விமானமும் விமானம்தான் என்பதை மறக்க வேண்டாம். கடைசி நாளை முக்குளிப்பு இல்லாத நாளாக வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

கல் மீனை மிதித்து முள் ஏறிவிட்டால் வலி உயிர் போகும். தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி தணியும். உடனே மருத்துவரையும் பாருங்கள். பவளத்தில் சிராய்த்த காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நன்றாகக் கழுவி மருந்து போடாவிட்டால் சீழ் பிடிக்கும்.

வெயிலும் சர்க்கரை நோயாளியும்

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு இது. நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். நம் மாநிற உடம்புக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை தவறு. நீரில் குப்புற மிதக்கும்போது முதுகில் படும் வெயில் குளிர்ச்சியில் உறைக்காது. இரவில்தான் தோல் எரியும். முழுக்கை நீச்சல் சட்டை களிம்பைவிட நம்பகமானது. களிம்பு போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசுங்கள். காலை பத்து முதல் மாலை மூன்று வரை நிழலில் இருங்கள்.

நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு மணலில் நடக்கவே கூடாது. சுடுமணல் கொப்புளம் போட்டாலும், பவளத் துண்டு கிழித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. தண்ணீருக்குள்ளும் ரப்பர் காலணி அணியுங்கள். இரவு படுக்குமுன் பாதத்தைப் பாருங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அறைக் குளிர்பெட்டியில் வைத்தால் உறைபெட்டியை ஒட்டாமல் வையுங்கள்; ஒரு முறை உறைந்த இன்சுலின் பயனற்றது. நீச்சலும் வெயிலும் சர்க்கரையைச் சட்டெனக் குறைக்கும் என்பதால் குளுக்கோஸ் கைவசம் இருக்கட்டும். மாலத்தீவு நேரம் நம்மைவிட அரை மணி மட்டுமே பின்தங்கியது. மாத்திரை வேளையில் குழப்பம் வராது.

மருந்துப் பையும் சட்டமும்

வழக்கமான மாத்திரைகளைத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். சிறு தீவில் நம் ஊர் மருந்துக் கடையை எதிர்பார்க்க முடியாது. போதைப்பொருள் சட்டம் அங்கே கடுமையானது. தூக்க மாத்திரை, டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றைப் பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் மட்டுமே கொண்டுபோகலாம். முன்அனுமதி தேவையா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். மதுப்புட்டிகளை உள்ளே கொண்டுபோக முடியாது. மின்சிகரெட்டுக்கு 2024 நவம்பர் முதல் தடை. சுற்றுலாப் பயணிகளுக்கும் அது பொருந்தும்.

சூரை சாப்பிடலாம், சீலா வேண்டாம்

மாசிக் கருவாட்டுக்குப் பெயர்போன நாட்டில் மீன் சாப்பிடாமல் வர முடியுமா? தூண்டிலில் பிடித்து உடனே ஐஸில் வைத்த சூரை நல்ல உணவு. ஐஸ் காணாமல் கிடந்த சூரையைத் தின்றால் சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியவை பவளப்பாறையில் வாழும் பெரிய மீன்கள். சீலா, பெரிய களவா, அஞ்சாலை ஆகியவற்றின் உடலில் சிகுவாடாக்சின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம். பாசி தின்னும் சிறு மீனை நடுத்தர மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, நஞ்சு திரண்டுகொண்டே போகும். வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கோடு வாயும் விரலும் மரத்து, குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவதுபோல் இருக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

கொசு பகலில் கடிக்கும்

மலேரியா இல்லாத நாடு என்று மாலத்தீவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் சான்றளித்தது. பாராட்டத்தக்க சாதனை. ஆனால் டெங்கு அங்கே ஒழியவில்லை, சிக்குன்குனியாவும் வந்துபோகிறது. இவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய மழைநீர் அதற்குப் போதும். டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பை வெயில் களிம்புக்கு மேல் பூசுங்கள். ஜிகா பரவிய நாடு என்பதால் கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஐபுபுரூபன், ஆஸ்பிரின் வேண்டாம். டெங்குவில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மாலத்தீவு போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.