நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி!

நுரை ஈரலில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. டாக்டர் தம் வேலையைச் செய்துவிட்டார். மீதி வேலை யாருடையது?

பிள்ளையுடையது! பக்கத்தில் இருக்கும் தாயுடையது!

நெல்லிக்குப்பத்துப் பிள்ளைக்கு ஆபரேஷன் புதுச்சேரி ஜிப்மரிலோ, வேலூரிலோ, சென்னையிலோ நடக்கும். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பயிற்சியை வீட்டில்தான் தொடர வேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், அமெரிக்க டாக்டர் ரீவ் பெட்ஸ் 1949-ல் நெஞ்சு ஆபரேஷன் பிரிவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நுரை ஈரல் ஆபரேஷன் பெரும்பாலும் காச நோய்க்குத்தான். இன்று காச நோயாளிகளில் பெரும்பாலோர் மருந்திலேயே குணமாகிறார்கள். ஆனாலும் பிறவிக் கோளாறு, நெஞ்சில் சீழ் கட்டுதல் போன்றவற்றுக்காகச் சிறுவர்களுக்கு ஆபரேஷன் நடக்கிறது.

ஏன் பயிற்சி?

வலிக்குப் பயந்து பிள்ளை அரை மூச்சாக விடும். இருமாது. சளி உள்ளேயே தங்கும். நுரை ஈரலில் உள்ள சிறு காற்றுப் பைகள் சுருங்கும். பிறகு காய்ச்சல், நிமோனியா!

செய்யும் முறை

பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள். மூக்கால் மெதுவாக, ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். மூன்று எண்ணும்வரை அடக்க வேண்டும். பிறகு வாயால் மெல்ல விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, 5 முதல் 10 மூச்சு போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

இருமும்போது சிறு தலையணையைத் தையல் மீது அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

ஆஸ்பத்திரியில் மூன்று பந்துக் கருவி கொடுப்பார்கள். பலர் அதை ஊதுகிறார்கள். அது தவறு! குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் பந்து மேலே எழும்பும்.

சின்னக் குழந்தையா? சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். காகிதக் காற்றாடியைச் சுழல விடச் சொல்லுங்கள். விளையாட்டே மருந்து! பலூனை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையையும் மெல்ல உயர்த்திப் பழக்குங்கள். இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும்.

கவனம்!

மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், காய்ச்சல், சளியில் ரத்தம், புண்ணில் சீழ் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“வலிக்குதம்மா!” என்று பிள்ளை அழும். பாவம் பார்த்து விட்டுவிடாதீர்கள். டாக்டர் சொன்ன வலி மருந்தைக் கொடுங்கள். அரை மணி கழித்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். இன்று கொஞ்சம் பொறுத்துக்கொண்டால், நாளை பிள்ளை ஓடி ஆடும்!