புதுச் சீட்டும் பழங் கட்டும்

சீட்டு என்றதும் முகஞ் சுளிக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்க. பணம் வைத்தாடும் சூதினைப் பற்றி நான் பேசப் புகவில்லை. மதிப்பிடுதல் என்னும் கலையைப் பற்றியே பேசுகின்றேன். அக்கலையில் ஆசிரியராகிய நாம் கற்கவேண்டிய பாடமொன்று அமெரிக்க நாட்டு விளையாட்டொன்றிலே கிடக்கின்றது.

நம்மவர் நன்கறிந்த முந்நூற்று நான்கு என்னும் ஆட்டத்தை முதலில் நோக்குவோம். அதற்கு 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304. கட்டும் முடிந்த கட்டு. எண்ணும் முடிந்த எண். இன்ன சீட்டைக் கட்டிற் சேர்க்கலாமா என்ற வினாவே ஆங்கு எழுவதில்லை.

1993 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மஜிக் த கதறிங்’ என்னும் ஆட்டம் இதற்கு மாறானது. வகுத்தவர் றிச்சட் காஃபீல்ட் என்னும் கணித அறிஞர். முதல் வெளியீட்டில் 295 வகைச் சீட்டுகள் இருந்தன. இன்று 20,000 வகைகளையும் கடந்துவிட்டன. அவற்றுள் வேண்டியவற்றைத் தெரிந்து, குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டினை ஆடுவோன் தானே தொகுத்துக்கொள்கின்றான். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருடைய சீட்டு நான்கின் மேற்படலாகாது. எதிரியின் 20 உயிரெண்களையும் அழிப்பவன் வெல்வான். ஆட்டத்தின் பாதி, ஆடத் தொடங்குமுன்னரே தொகுப்பில் முடிந்துவிடுகின்றது.

ஆட்டத்துக்கு வேண்டும் ஆற்றலை ‘மானா’ என்பர். அதனை நிலச் சீட்டுகள் தருகின்றன. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என நிலம் ஐந்து. அவற்றுக்குரிய நிறமும் ஐந்து. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி இயல்பு உண்டு. இதனைக் கேட்டதும் ஐந்திணையை நினையாத தமிழாசிரியர் இரார். ஆயினும், இஃது எம்மிடமிருந்து சென்றது என மார்தட்டுதல் வேண்டா. ஒப்புமை வேறு, கடன் வேறு.

கட்டுகளுட் சில ஒரு பொருள் பற்றி அமைவன. அவற்றுட் பழையதும் பலர் விரும்புவதும் கொப்ளின் கட்டாகும். கொப்ளின் என்பது ஐரோப்பியக் கதைகளில் வரும் குறும்பூதம். நம் பழஞ்சொல்லாற் குறளி எனலாம். இக்குறளிகள் மலைக்குரிய செந்நிறத்தின. தனித்து நின்றால் எளியன; கூட்டமாய் வந்தால் தாங்கலாகாதன.

என் மாணவனொருவன் இத்தகைய கட்டொன்று வைத்திருக்கின்றான். 2020 இல் வெளிவந்த ‘மக்சஸ்’ என்னும் குறளிப் பெருமகன் சீட்டு அவன் கைக்கு அண்மையிலே வந்தது. அவன் கட்டுக்கு அது புதிது. “ஐயா, இது நல்ல சீட்டா?” என வினவினான். “நல்லதா என்று கேளாதே, உன் கட்டுக்கு நல்லதா என்று கேள்” என்றேன். பின்னர் இருவருமிருந்து ஆராய்ந்தோம்.

அச்சீட்டின் இயல்பு இது. அதனை ஆட ஆறு மானா வேண்டும். அது களம் புகுந்ததும், கட்டின் மேலுள்ள ஆறு சீட்டுகள் வெளிப்படுத்தப்படும். அவற்றுள் ஐந்து அல்லது அதனிற் குறைந்த மானாப் பெறுமதியுள்ள குறளிகள் யாவும் செலவின்றியே களம் புகும். ஏனையவை கட்டின் அடிக்குச் சென்றுவிடும்.

முதல் வினா: இச்சீட்டுக் கட்டினிடம் எதனை எதிர்பார்க்கின்றது? விடை கணக்கில் உள்ளது. 60 சீட்டுகளில் 30 குறளிகள் இருப்பின், ஆறு சீட்டுக்குச் சராசரி மூன்று குறளிகள் தோன்றும். ஒன்றேனும் தோன்றாமற் போவது ஏறக்குறைய நூற்றிலொரு முறையே. 12 குறளிகளே இருப்பின், சராசரி ஒன்றேகாலுக்குஞ் சற்றுக் குறைவு. நான்கு முறைக்கு ஒரு முறை வெறுங்கைதான். சீட்டில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஒரு கட்டிலே அது பெருமகன். மற்றொன்றிலே ஆறு மானாவை விழுங்கிய வீணன்.

இரண்டாம் வினா: அதனை உரிய காலத்திற் களத்துக்குக் கொணரும் வழி கட்டினுள் உண்டா? ஒரு முறைக்கு ஒரு நிலமே இடலாம் ஆதலின், ஆறு மானாவுக்கு ஆறாம் முறைவரை காத்திருத்தல் வேண்டும். விரைந்தாடும் எதிரி அதற்குள் ஆட்டத்தை முடித்துவிடுவான். ஆனால், 2003 இல் வந்த ‘வோர்சீஃப்’ என்னும் குறளிப் படைத்தலைவன் களத்திலிருந்தால் குறளிகளின் செலவு ஒவ்வொன்று குறையும். புகுந்த குறளிகள் அம்முறையே தாக்கவும் வல்லனவாகும். ‘ஸ்கேர்க் புறொஸ்பெக்டர்’ என்னும் சிறு குறளியோ, குறளியொன்றைப் பலியிட்டு ஒரு மானா தரும். இவை முன்பே கட்டில் உள்ளன. ஆகவே பெருமகன் வருவதற்குப் பாதை வெட்டப்பட்டே கிடந்தது.

இதுவரை மாணவன் முகம் மலர்ந்திருந்தது. மூன்றாம் வினாவிலே வாடிற்று: எதனை நீக்குவாய்?

அவன் கட்டிலே ‘லைட்னிங் போல்ட்’ என்னும் மின்னற்கணைச் சீட்டு நான்கு இருந்தன. 1993 இன் முதல் வெளியீட்டிலேயே தோன்றிய புகழ்மிகு சீட்டு அது. ஒரே மானாவுக்கு மூன்று ஊறு விளைப்பது. அதனை எவரும் குறைகூறார். எனினும் அது குறளியன்று. மக்சஸ் வெளிப்படுத்தும் ஆறு சீட்டுகளுள் மின்னற்கணை ஒன்று வந்தால், அதன் புகழ் யாவும் கட்டின் அடிக்குச் செல்லும். நூலின் குற்றம் பத்தெனக் கூறுமிடத்து, மற்றொன்று விரித்தல் என ஒன்றை நன்னூலார் வைத்தனர். விரித்த பொருள் இழிந்ததென்பது அதன் கருத்தன்று. அவ்விடத்துக்கு உரியதன்று என்பதே கருத்து.

“கணையில்லாமல் எதிரியின் படையை எவ்வாறு வீழ்த்துவது?” என்றான். நல்ல கேள்வி. விடையும் அவன் பெட்டியிலேயே இருந்தது. ‘ஜெம்பாம் இன்சினறேற்றர்’ என்பதும் 2003 ஆம் ஆண்டுக் குறளியே. இரண்டு மானா கொடுத்து அதனைக் கையினின்றும் கழித்தால், களத்திலுள்ள குறளிகளின் தொகையளவு ஊறு எதிரியின் படைஞனொருவனுக்கு விளையும். வேறொரு சீட்டும் கைக்கு வரும். மக்சஸ் வெளிப்படுத்தினாலோ தானும் குறளியாய்க் களம் புகும். மின்னற்கணை போல எதிரியையே நேராக எய்ய அதற்கு இயலாது. அவ்விழப்பை ஏற்றே மாற்றஞ் செய்யவேண்டும்.

முடிபு இது: மக்சஸ் சேர்க, ஆனால் மூன்று போதும். மக்சஸ் வெளிப்படுத்தும் ஆறில் மற்றொரு மக்சஸ் இருப்பின், அதன் பெறுமதி ஆறாதலால் அதுவும் அடிக்கே போகும். தொடக்கக் கையில் இரண்டு சேர்ந்தால் நெடுநேரம் சும்மா கிடக்கும். வேண்டிய குறளியைக் கட்டினின்றும் தேடி எடுத்துத் தரும் ‘மேற்றன்’ என்னும் குறளி இருக்கையில், நான்காவது மிகை. ஒரு குறையும் சொல்லவேண்டும். கூட்டத்தையே நம்பிய கட்டு, களத்திலுள்ள அனைத்தையும் ஒருங்கே அழிக்கும் சீட்டொன்றுக்கு எளிதிற் பணிந்துவிடும். பெருமகன் சேர்வதனால் அக்குறை தீராது. சில வேளை மிகும்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். பாடநூற் குழுக்களில் இருந்த அநுபவத்தாற் சொல்கின்றேன். புதிய கவிதையொன்றைச் சேர்ப்பதா என்ற விவாதம் நாட்கணக்கில் நடக்கும். நன்று என்பார் நன்றென்பர். தீது என்பார் தீதென்பர். இந்நூலின் நோக்கம் யாது, இது வருவதற்கு முன்பாடங்கள் வழி செய்துள்ளனவா, எதனை எடுத்துவிட்டு இதனை வைப்பது என்னும் மூன்றையும் எவரும் கேளார். ஈற்றிற் புதியதும் இருக்கும், பழையதும் இருக்கும். நூல் பருக்கும். ஆண்டின் பாடவேளைகளோ அத்தனையேயாம். நடத்தப்படாது விடப்படும் பாடங்களை நீக்கியது குழுவன்று, காலம். அக்காலத்துக்குச் சுவை தெரியாது.

மாணவர் கட்டுரைகளும் அத்தகையனவே. தாம் மனனஞ் செய்த செய்யுளடி நன்றாயிருத்தல் பற்றி, அதனை எக்கட்டுரையிலும் புகுத்துவர். நாமும் அடிக்கு மயங்கிப் புள்ளி இடுகின்றோம். அவ்வடி இக்கட்டுரையில் என்ன செய்கின்றது என ஓரத்தில் எழுதிவிடும் ஆசிரியரே மாணவனுக்கு நன்மை செய்கின்றார்.

என் மாணவன் மின்னற்கணைகள் நான்கையும் எடுத்துவிட்டான். எறியவில்லை; உறையிலிட்டுப் பெட்டியில் வைத்தான். வேறொரு கட்டுக்கு அவை உதவும் என்றான். நீக்குதல் இகழ்தலன்று என்பதனை நான் சொல்லாமலே அவன் அறிந்திருந்தான். பாடநூற் குழுக்களும் அதனை அறியுமாயின், பழைமைக்கும் புதுமைக்கும் இடையே நாம் காணும் பூசல்களிற் பாதி ஒழியும்.