துவக்கும் தோட்டாவும்: உள்ளே போவதெல்லாம் பொருத்தமா?



சென்ற மாத நிகழ்ச்சியில் ஓர்லியோன் பக்கம் உணவகமொன்றில் வேலைசெய்யும் நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். வேட்டை அனுமதிப்பத்திரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாராம். அவருடைய முதலாளி, காலமான தன் தகப்பனாரின் இரட்டைக்குழல் துவக்கையும் பரணில் கிடந்த ஒரு பெட்டி தோட்டாவையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "அண்ணை, தோட்டா வடிவாய் உள்ளுக்குப் போகுது. அப்ப பிரச்சினை இல்லைத்தானே?" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டதால் அன்று அரைகுறையாகவே பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

லாச்சப்பலில் கணக்கு எழுதுகிறவனுக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிக்கலாம். என்னிடம் கணக்குப் பார்ப்பவர்களில் துவக்குக் கடைக்காரர் ஒருவரும் இருக்கிறார். அவரிடம் கேட்டுத் தெளிந்தவைதான் இவை. கணக்கியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பரீட்சை மீதி இரண்டு பக்கமும் சமப்பட்டாலும் உள்ளே பிழை இருக்கலாம் அல்லவா?

வன்னியில் பயிர் காக்கத் துவக்கு வைத்திருந்த கமக்காரரைத் தெரிந்தவர்களுக்குப் 'பன்னிரண்டு போர்' என்ற சொல் பழக்கமானது. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே அந்தக் குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 20 என்றால் உருண்டை சிறிது, குழலும் ஒடுக்கம், 15.6 மில்லிமீற்றர். எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து. 20ஆம் எண் தோட்டா ஒன்று தவறுதலாக 12ஆம் எண் துவக்குக்குள் போனால், வழுக்கிச் சென்று தோட்டா அறைக்கு அப்பால் குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் அறை வெறுமை. போடவில்லையாக்கும் என்று நினைத்து 12ஆம் எண் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னாலே இருப்பதில் மோதிக் குழல் வெடிக்கும்; பெரும்பாலும் இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குக் கிட்ட. அதனால்தான் 20ஆம் எண் தோட்டாவின் கோதை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்தது. இரண்டு எண்களையும் ஒரே சட்டைப் பையில் போடவே கூடாது.

எண் ஒத்தால் மட்டும் போதாது, நீளமும் ஒக்க வேண்டும். பழைய பிரெஞ்சுத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். இன்று சாதாரணமாகக் கிடைப்பது 70, அதைவிட நீளமாக 76உம் உண்டு. பெட்டியில் போட்டிருப்பது வாய் விரிந்த பின் உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 70 தோட்டா 65 அறைக்குள்ளும் வடிவாய்ப் போகும். சுடும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் ஒடுங்கிய பகுதிக்குள் நெரிபடும், அமுக்கம் ஏறும். நம் நேயர் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

ஒற்றைச் சன்னம் சுடும் றைபிளில் எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். 1888இல் ஜேர்மன் காலாட்படைக்கு வந்த 8×57 தோட்டாவின் சன்னம் ஏறத்தாழ 8.1 மில்லிமீற்றர். 1900களின் தொடக்கத்தில் அதை 8.2 ஆக்கினார்கள். கோது ஒன்றே, ஆகவே அறைக்குள் போகும். ஆனால் பழைய குழலுக்குப் புதிய சன்னம் தடிப்பு. பழையது 'ஐ', புதியது 'ஐஎஸ்'. 'ஐ' என்பது காலாட்படையைக் குறிக்கும் எழுத்து. பழைய ஜேர்மன் அச்சில் அது 'ஜே' போலத் தெரிந்ததால் பலர் 'ஜேஎஸ்' என்றும் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான். நடுவில் 'ஆர்' வந்தால் அடியில் விளிம்புள்ள தோட்டா, மடித்துத் திறக்கும் துவக்குக்குரியது. பிரான்சில் 2013 செப்ரெம்பர் வரை இராணுவ வகைத் தோட்டாக்களுக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அது தளர்ந்தபின் 308, 8×57 ஐஎஸ் போன்றவை வேட்டைக்காரரிடம் பரவின. தெரிவு கூடினால் மாறாட்டமும் கூடும்.

ஆகவே குழலில் பொறித்திருப்பது, பெட்டியில் அச்சடித்திருப்பது, தோட்டாவின் அடியில் பொறித்திருப்பது ஆகிய மூன்றையும் வாசியுங்கள். 'கிட்டத்தட்ட அதே' என்ற பேச்சு வேண்டாம். சென் எத்தியேன் நகரில் துவக்குகளை அமுக்கம் கொடுத்துச் சோதித்து முத்திரை குத்தும் நிலையம் உண்டு. அந்த முத்திரையையும் தேடுங்கள். பழைய துவக்கென்றால் பொறித்திருப்பதையும் முழுதாக நம்ப முடியாது. இடையில் யாராவது அறையைக் கடைந்து நீட்டியிருக்கலாம். கடைக்காரர் அளவுகோல் விட்டுப் பார்ப்பார்.

புறநகரில் பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலவறையில் துவக்கு கிடந்தால் திறந்து பரிசோதிக்க வேண்டாம், காவல்துறைக்கு அறிவியுங்கள். 2022 நவம்பர் 25 முதல் டிசெம்பர் 2 வரை அரசாங்கம் இப்படியானவற்றைக் கேள்வி கேட்காமல் பொறுப்பேற்றபோது ஏறத்தாழ 150,000 ஆயுதங்கள் வந்து சேர்ந்தன.

அந்த நேயர் போன கிழமை மறுபடி எடுத்தார். துவக்கைக் கைமாற்றிப் பதிவதற்காக முதலாளியுடன் கடைக்குப் போனாராம். அறை 65, பெட்டியில் இருந்தது 70. தோட்டாக்களைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.