பாதுகாப்புத் திருத்தமும் இடர் மதிப்பீடும்: 2017இன் அனுபவம் குறித்து ஒரு நோக்கு

பணிசெயல் முறைமையொன்றிற் காணப்பட்ட பாதுகாப்பு வழுவுக்குத் திருத்தம் வெளியிடப்பட்டதும் இடர் நீங்கிவிட்டதெனக் கருதுவது பொதுவழக்கு. உண்மையில் இடரின் புதியதொரு கட்டம் அப்பொழுதே தொடங்குகின்றது. திருத்திய கோப்பைப் பழையதோடு ஒப்பிட்டு நோக்கும் திறனுடையோர் வழு இருந்த இடத்தை அறிந்துகொள்வர். திருத்தத்தைப் பெற்றவருக்குக் காப்பாவது, பெறாதவரைத் தாக்குவதற்கு வழிகாட்டியுமாகின்றது.

2017 மார்ச் 14இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட எம்.எஸ். 17-010 என்னும் அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். கோப்புப் பகிர்வுக்கான எஸ்.எம்.பி.யின் பழைய முதலாம் பதிப்பிலுள்ள வழுவே அதன் பொருள். கடவுச்சொல் வேண்டியதில்லை; பயனர் எதனையும் திறக்க வேண்டியதுமில்லை; 445ஆம் வாயில் வழியே தொலைவிலிருந்து தாக்கலாம். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவும் நிரலுக்கு இவை போதுமானவை. ஏப்ரில் 14இல் ‘ஷடோ புரோக்கர்ஸ்’ என்போர், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் மறைத்து வைத்திருந்த ‘எட்டர்னல் புளூ’ கருவியைப் பகிரங்கப்படுத்தினர். அன்றே மதிப்பீடு மாறியிருத்தல் வேண்டும். மே 12இல் ‘வொனாகிறை’ பரவிற்று.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 நிருவாக அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிப்புற்றன; ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் இரத்தாகின என மதிப்பிடப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான நீடித்த ஆதரவுக்கென 2014இல் பிரித்தானிய அரசு 5.5 மில்லியன் பவுண் செலுத்தி, 2015இல் அதனைப் புதுப்பியாது விட்டதையே காரணமெனச் சுட்டுதல் எமக்கு இலகுவானது. உண்மை அதற்கு முழுமையாக இடந்தரவில்லை. தொற்றுக்குள்ளானவற்றுட் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் மார்ச்சிலேயே கிடைத்திருந்தது. அதனை நிறுவும் ஆளணி, பரிசோதிக்கும் அவகாசம், பொறுப்புக்கூறும் ஒழுங்கு என்பன எங்கே இருந்தன என்பதே வினா. காந்த அதிர்வுப் படப்பிடிப்புக் கருவிகளுட் சில எக்ஸ்.பி.யிலேயே இயங்கின; விற்பனையாளரின் கையிலிருந்த அவற்றை வைத்தியசாலை தானாகத் திருத்த இயலாது. எக்ஸ்.பி.க்கான திருத்தமோ சிறப்பு ஒப்பந்தக்காரருக்கு மட்டும் உரியதாயிருந்து, தாக்குதல் தொடங்கிய பின்னரே பொதுவில் வழங்கப்பட்டது. காப்பு இங்கே பண்டமாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

வழுவின் கடுமையைக் கூறும் எண் இவற்றுள் எதனையும் அளப்பதில்லை. அதனைக் கொண்டு எதிர்வுகூறலும் இயலாது. 2019 மே 14இல் திருத்தப்பட்ட ‘புளூகீப்’ வழு 9.8 புள்ளி பெற்றது, இம்முறை எக்ஸ்.பி.க்கும் உடனடியாகத் திருத்தம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் மறைநாணய அகழ்வுக்கு அவ்வழுவைச் சிலர் பயன்படுத்தினர். ‘வொனாகிறை’ போன்றதொரு பரவல் நிகழவில்லை.